ஏலத்தில் எடுத்த பூசணிக்காய்

அக்கரப்பத்தனை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் தோட்டத்துப் பெண்கள் இருவர். ஒருத்தியின் மடி நிறையப் பூசணிக்காய்.

“சர்ச் ஏலத்துல எடுத்தேன்கா. பாஸ்டர் படிப்புக்குப் போற நம்ம டேவிட்டுக்குத்தான் அந்தக் காசு.”

“நீ மாரியம்மன் கோயிலுக்குப் போறவ. ஒனக்கு எதுக்குடி இது?”

“லயத்து வரிசையில அவன் எனக்குப் பக்கத்துக் காம்பரா, நடுவுல ஒரே செவருதான். விடியக்காலம் நாலு மணிக்கே செவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பிரசங்கம் பழகுறான். தூக்கமே போச்சு. அதான் ஏலத்துல விடாம வெலய ஏத்திக் கேட்டேன். சர்ச்சே கைதட்டுச்சு.”

“எத்தன வருசம் அங்கயே தங்கிப் படிக்கணுமாம்?”

“மூணு.” பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தாள். “நல்ல புள்ள, அஞ்சு வருசமா படிக்க வைங்கன்னு பாஸ்டர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். அடுத்த வருசமும் ஏலத்துக்கு வாறேன்னேன்.”