இளமதி இலையில் கேசரி

— கரண்டிய வை கயலு. கொழந்த எலையில கேசரியாம்! காது குத்துன அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணுமா?

— வைப்பேன் அண்ணி. அவ காதுகுத்துக்குச் செஞ்ச கேசரி. ஊரே திங்குது, அவ மட்டும் வெறும் ரசஞ்சோத்தப் பெசஞ்சிக்கினு ஒக்காந்திருக்கணுமா? இளமதி, நீ சாப்புடும்மா.

— ஆங், சாப்புடும்மா! வயித்தால போனா நீயா கழுவுற? நீ பாட்டுக்கு வேலைக்குப் போயிடுவ. தூக்கிக்கினு அலையறது இந்த மங்கலந்தான்.

— கடலூர்ல பாக்காத டாக்டர் இல்லன்னுதான சிதம்பரத்துல காட்டுனோம்? நேத்து லீவு போட்டுட்டு அங்க போனேன். ரிசல்ட் வந்துடுச்சி.

— என்னான்னு?

— போன மாசம் வாய் வழியா கொழா வுட்டு, குடல்ல துளியூண்டு எடுத்தாங்கல்ல, அத டெஸ்ட் பண்ணிட்டாங்க. பாலச் செரிக்கற என்சைம், சக்கரையச் செரிக்கறது, மாவச் செரிக்கறது, எல்லாமே கொழந்தைக்கு எவ்ளோ இருக்கணுமோ அவ்ளோ இருக்குதாம். நார்மல்! ஒரு வாட்டி உங்க வாயால சொல்லுங்க அண்ணி, நார்மல்னு.

— சொல்ல மாட்டேன். டாக்டருக்கு என்னா தெரியும்? உங்க கம்மாபுரத்து வமிசமே செரிக்காத வமிசம். உங்கப்பாரு பால் ஊத்துன டீய தொட மாட்டாரு. உன் தம்பி பாயசத்தக் கண்டா ஓடுவான்.

— புருஷனுக்கு அக்காளாச்சேன்னு இவ்ளோ நாளு பொறுத்துக்கினேன். எங்க வமிசம், எங்க ரத்தம்னு கேட்டுக் கேட்டு காது புளிச்சிப் போச்சி. புள்ளைக்குப் பால் இல்ல, பழம் இல்ல. ஸ்கூல்ல எவளாவது பொறந்தநாளுக்கு சாக்லேட் குடுத்தா, திருப்பிக் குடுத்துட்டு வருது. இன்னியோட சரி. எம்பொண்ணு திம்பா.

— கத்தாதடி, தாய்மாமன் வூட்டாளுங்க பாக்கறாங்க.

— நல்லாப் பாக்கட்டும். அவுங்கதான இத்தினி நாளு உங்க முன்னாடி தல குனிஞ்சி நின்னாங்க?

— அம்மா, இன்னுங் கொஞ்சம்.

— இந்தா கண்ணு. முந்திரியோட துன்னு.

— அப்ப தெனமும் வயித்தால போச்சே, அது எதனால? நான் என்னா வெஷமா வெச்சேன்?

— உங்கள யாரு சொன்னா அண்ணி?

— ஒரு பொட்டு சக்கர குடுத்திருப்பனா நானு? எனக்கு சுகர் வந்து நான் பட்ற பாடு போதாதா? ஸ்கூல் வுட்டு வந்து ஏங்கிப்போயி நிக்கும். மனசு கேக்காம என் டப்பாவுலேந்து கை நெறய அள்ளிக் குடுப்பேன்.

— என்னாது அது?

— சுகர்காரங்க திங்கற முட்டாயிதான். துளி சக்கர இல்ல அதுல.

— தெனமுமா?

— தெனமுந்தான். ஒனக்குத் தெரிஞ்சா திட்டுவன்னு சொல்லல. ஏன், அதுக்கு இப்ப என்னா?

— அண்ணி... டாக்டரு அத ஒண்ணத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாரு. சக்கர இல்லாத முட்டாயி குடுக்கறீங்களா, அத ஜாஸ்தி தின்னா கொழந்தைங்களுக்கு இப்பிடித்தான் போவும்னாரு. எங்க அண்ணி கண்ணுல வெளக்கெண்ணெய வுட்டுக்கினு பாத்துக்கறாங்க, அவுங்கள ஒரு வார்த்த பேசாதீங்கன்னு அவருகிட்ட சண்ட போட்டுட்டு வந்திருக்கேன்.