அலுமாரிக் கண்ணாடியில் மெலிந்தவர்

துறைமுகத்தடி பஸ் தரிப்பில் குச்சவெளி பஸ்ஸுக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் தன் நண்பரிடம் சொன்னார்:

“கீறல் போயிட்டுது மச்சான். ஆனா என்ட மனுசி மெலிஞ்சு போனா.”

“ஏன், ஏதும் வருத்தமோ?”

“இல்ல. அலுமாரிக் கண்ணாடியில மட்டும்தான் மெலிவு.”

நண்பருக்குக் கண்ணாடிக் கடையில்தான் வேலையாம். உடனே விசாரணை தொடங்கினார்.

“கீறல் மேலயிருந்து கீழ நேரா இருந்ததோ? அதை மட்டும் பிடிச்சுத் தேய்ச்சனியோ?”

“ஓம். மினுக்கிற பொடி போட்டு ரெண்டு நாள் தேய்ச்சனான்.”

“அதான் அந்த இடம் பள்ளம் விழுந்து, ஆள் ஒடுங்கித் தெரியுது. சுத்திவர அகலமாத் தேய்ச்சிருக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை வந்து சமப்படுத்தித் தாறன்.”

“அதில்ல பிரச்சினை. தங்கச்சிட கலியாணத்துக்குப் புதுச் சட்டை தைக்கக் குடுத்திட்டா. பழைய அளவில ரெண்டு விரல் ஒடுக்கச் சொன்னவ.”

கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“அப்ப கண்ணாடியைத் தொடாத. தையல்காரரிட்ட போய், பழைய அளவிலயே தைக்கச் சொல்லு. மனுசியிட்ட மூச்சு விடாத.”

பஸ் வந்தது. இருவரில் கண்ணாடிக்காரர் மட்டும்தான் ஏறினார். மற்றவர் தையல்கடைப் பக்கம் நடந்தார்.