வெள்ளைக்காரருக்குப் படைத்த பாவற்காய்

மருதனார்மடத்திலிருந்து புறப்பட்ட பேருந்தில், என் முன்னிருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும் அமர்ந்திருந்தனர். இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள்.

“எங்கடை வெள்ளைக்காரருக்குப் பாவற்காய் பிடிச்சுதோ இல்லையோ, வருசா வருசம் திவசத்துக்குப் படைக்கிறம்,” என்றார் அக்கா.

தம்பி சிரித்தபடி தொலைபேசியைக் காட்டினார்.

“லண்டனிலை இருந்து ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை எழுதியிருக்கிறா. அவரின்ரை வழி வந்தவவாம். இங்கிலீசுக்காரர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச காலத்திலை வந்த மனுசன், எப்ப செத்தவர் எண்டு அங்கை ஒருத்தருக்கும் தெரியாதாம்.”

“ஐப்பசித் தேய்பிறை அட்டமி. நாளைக்குத்தானே!”

“அங்கை அவருக்கு மனிசி பிள்ளையள் இருந்ததாம், அக்கா.”

அக்காவின் குரல் தாழ்ந்தது.

“அப்ப, இஞ்சை அவரோடை குடும்பம் நடத்தின எங்கடை பூட்டியின்ரை பூட்டியை என்னெண்டு நினைப்பினம்? வைச்சிருந்தவ எண்டோ?”

“அதுதான் யோசிக்கிறன். பதில் போடாமல் விடட்டே?”

பேருந்து கொக்குவிலை நெருங்கியது. அக்கா தொலைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டுத் தம்பியிடமே கொடுத்தார்.

“இல்லை, எழுது. திதியைச் சொல்லு. ஒரு வருசமும் விடாமல் திவசம் குடுக்கிற வீட்டை ஆர் என்ன சொல்லுறது? பாவம், அங்கை இருந்த அந்த மனிசி அவர் செத்த நாளும் தெரியாமல் வழி பாத்துப் பாத்தே செத்திருக்கும். நாளைக்கு அவவுக்கும் ஒரு இலை போடுவம்.”

“இலை அளவாத்தானே வாங்கினது?”

“இறங்கி இன்னொண்டு வாங்கு.”

என் மடியிலும் வாழையிலைக் கட்டு இருந்தது. என் மனைவிக்கும் அதே அட்டமி, முதலாவது ஆண்டுத் திவசம். ஒன்றை உருவி நீட்டியிருக்கலாம். அவர்கள் இறங்கும்வரை கட்டை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.