சனிக்கிழமைச் சுரைக்காய்

சுரைக்காயை நான் குறை சொல்லமாட்டேன், மேடம். உடம்புக்குக் குளிர்ச்சி, நீர்ச்சத்து உள்ளது, எளிதில் செரிக்கும். அறிவியல் டீச்சராக இருந்தவள் நான், இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். எனக்கு அது தொண்டைக்குள் இறங்காது, அவ்வளவுதான். போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிவிட்டு நாற்காலியும் போட்டு டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

ஹெப்ரான் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். மண்ணின் மேல் ஆசைப்பட்டு ஊருக்குத் திரும்பி, சேரன்மகாதேவிப் பக்கம் வாய்க்கால் ஓரமாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மருந்தடிக்காமல் காய்கறி போட்டான். அதற்குப் பங்குக் கூடை என்று ஒரு திட்டம் வைத்திருந்தான். பருவத் தொடக்கத்திலேயே நாம் பணம் கட்டிப் பங்கு சேர்ந்துவிட வேண்டும். பிறகு வயல் எதைக் கொடுக்கிறதோ அதை எல்லாருக்கும் பிரித்து, சனிக்கிழமை விடியற்காலையில் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்குவான். ஒரு காய் வீட்டுக்கு ஆகாதென்றால் சொன்னால் போதும், மாற்றித் தருகிறேன் என்றும் சொல்லியிருந்தான். நல்ல திட்டம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவை வீடு வீடாகப் போய்ச் சேர்த்துவிட்டவளே நான்தான். எங்கள் தெருவை நம்பித்தான் அவன் குத்தகையைப் புதுப்பிப்பதாக இருந்தான். இல்லாவிட்டால் மறுபடியும் மஸ்கட்தான்.

முதலில் வெண்டை, கத்தரி, தண்டங்கீரை என்று ஒழுங்காகத்தான் வந்தது. அப்புறம் சுரைக்கொடி வயலைப் பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை ஹெப்ரான் வாசலில் நின்று கேட்டான்.

"டீச்சர், சுரக்கா எப்பிடி இருந்துச்சு?"

அவன் முகத்தைப் பார்த்தேன். பெற்ற பிள்ளைக்கு மார்க் எத்தனை என்று கேட்கிற தாயின் முகம். "தேனா இருந்துச்சு தம்பி" என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து தன் வீட்டுக்கு வைத்திருந்ததையும் சேர்த்து எனக்கே கொடுத்தான்.

கூட்டு வைத்தேன், அடையில் போட்டேன், தோலைத் துவையல் அரைத்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தேங்காய்ப்பால் சொதிக்காகச் சனிக்கிழமை முழுக்கக் காத்திருக்கிற என் வீட்டுக்காரர் சுந்தர், ஒரு நாள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "திருநவேலியில பொறந்துட்டு நான் சுரக்கா அல்வா திங்கணுமாட்டீ? அந்தப் பயகிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லேன்."

அது அவருக்கு எளிதாகத் தெரிகிறது. ஆம்பிளைகளுக்கு மற்றவர் மனசு தெரியாது. அத்தனை வெயிலில் கஷ்டப்பட்டு விளைவித்தவன் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல ஒரு கல்நெஞ்சு வேண்டும். எனக்கு அது இல்லை.

சாப்பாட்டுப் பொருளைக் குப்பையில் போடுவது பாவம். தெரு மாட்டுக்கு வைத்துப் பார்த்தேன். முகர்ந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தது. தெருவில் யாருக்காவது கொடுக்கலாம் என்றால், ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் அதே காய். அதோடு, டீச்சருக்குச் சுரைக்காய் பிடிக்கவில்லை என்று அவன் காதுக்குப் போய்விடும். எனவே, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் குளித்து விளக்கேற்றிவிட்டு, ஒரு நல்ல காயாக எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டு அருணாசலத்தின் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அவர் கோர்ட்டில் கிளார்க். புது வீடு கட்டிக் குடிவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

என் விரலில் இருந்த குங்குமம் காயில் ஒட்டியதை நான் கவனிக்கவில்லை. இது சத்தியம்.

"எவம்லே வச்சது? வீட்டு வாசல்ல செய்வின வச்சிருக்கானே பாவி!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது. யாரும் அதைத் தொடவில்லை. கடைசியில் அருணாசலம் வாரியலால் அதை ஒரு சாக்கில் தள்ளி, வண்டியில் வைத்துக் கொண்டுபோய்த் தாமிரபரணியில் விட்டுத் தலை முழுகிவிட்டு வந்தார்.

நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரணச் சுரைக்காயாக இருந்தால் இது யாருடையது என்று வீடு வீடாகக் கேட்பார்கள். குங்குமம் பட்ட சுரைக்காயை யாரும் திருப்பிக் கொண்டுவருவதில்லை.

அடுத்த வாரம் மஞ்சளும் சேர்த்துத் தடவினேன். அதற்கடுத்த வாரம் கரியால் கண், மூக்கு, வாய் வரைந்தேன். பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பும் நான்தான் பார்த்துக்கொள்வேன், கோணல்மாணலாக வரையக் கை வராது. ஒருதலைப்பட்சம் கூடாதென்று மற்ற வாசல்களுக்கும் முறை வைத்துப் போட்டேன். ஆனாலும் அருணாசலம் வீட்டு வாசல் கைக்கெட்டுகிற தூரம், அங்கே கொஞ்சம் கூடிவிட்டது. அவருக்குத் தூக்கம் போயிற்று. அவர் மனைவி கொற்கையில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டை விற்கப்போகிறேன் என்று புலம்பினார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். சர்க்கரை உள்ளவருக்கு இளைப்பது நல்லதுதான்.

கடைசியில் அவர் தெருக்காரர்களைப் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டினார். ஹெப்ரானையும் வரவழைத்திருந்தார்.

"இருட்டோட தெருவுக்குள்ள வாரது ஆரு? இவன். சுரக்கா கொண்டாரது ஆரு? இவன். அப்ப வைக்கது ஆரு வே?"

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம விடியக்காலம் நான் கோயில்ல பாட்டுக் குரூப்புல நிக்கேன். ஐயர்கிட்ட வேணும்னா கேளுங்க" என்றான் ஹெப்ரான். அவன் கோயில் என்றது தேவாலயத்தை, ஐயர் என்றது பாதிரியாரை.

"அதாம்லே, போற வழியில வச்சிட்டுப் போயிருக்க."

தெருக்கோடி வீட்டு ஷரீபா பீவி மட்டும் எழுந்து நின்றார்கள். அவர்கள் பங்கு சேராதவர்கள். "எங்க வாசல்லயும்தான் கெடந்துச்சு. கழுவிட்டுப் பருப்பு போட்டு ஆக்கிட்டோம். எங்க நபிக்குப் பிடிச்ச காய்லா அது? நல்லாத்தான இருக்கோம்" என்றார்கள். யாரும் காதில் வாங்கவில்லை.

ஹெப்ரான் என் பக்கம் திரும்பினான். "டீச்சர், நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க."

தங்கமான பிள்ளை என்று சொன்னேன். அது உண்மை. அதற்குமேல் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு வீடு பாக்கியில்லாமல் அன்றைக்கே பங்கிலிருந்து விலகினார்கள். நானும் விலகினேன். ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லியிருக்கிறதே. அன்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சொதி வைத்தேன். சுந்தர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

முந்தாநாள் ஹெப்ரான் விடைபெற வந்தான். குத்தகையை விட்டுவிட்டானாம், மச்சான் மஸ்கட்டில் வேலை பார்த்து வைத்திருக்கிறாராம். வண்டியிலிருந்து இரண்டு சாக்கு இறக்கினான். கொடியில் நின்ற கடைசிக் காய்கள்.

"எல்லாரும் ஏதாவது கொற சொன்னாவ டீச்சர். ஒரு நாளும் வேண்டாம்னு சொல்லாதது நீங்க மட்டுந்தான். இத வேற ஆருக்கும் குடுக்க எனக்கு மனசில்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் தலையில் கை வைத்து, நல்லா இருப்பா என்று வாழ்த்தினேன். சாக்குகளை வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

இன்று விடியற்காலை வாசலுக்கு ஒன்று என்று கணக்காக வைத்துக்கொண்டு போனேன். அருணாசலம் கேமரா மாட்டியிருந்தது எனக்குத் தெரியாது. தலையில் ஈரத்துண்டும், இரண்டு கக்கத்திலும் சுரைக்காயுமாக நான் வருவது நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. அந்தக் காய்க்கு மீசைகூடத் தெளிவாகத் தெரிகிறது.

ஆமாம், நான்தான் வைத்தேன். எல்லாமே. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அருணாசலத்திடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னால் இப்போதே கேட்கிறேன். அவர் மனைவியைக் கொற்கைக்குப் போய் நானே அழைத்து வருகிறேன்.

ஹெப்ரான் விமானம் பிடிக்கப் புது பஸ் ஸ்டாண்டில் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டான், பஸ் இன்னும் எடுக்கவில்லை என்று சொல்கிறீர்கள். நான் போனில் ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடுவான், தெருக்காரர்களும் மறுபடி சேருவார்கள் என்கிறீர்கள். நியாயந்தான். என் போன் இதோ, அவன் நம்பர் இருக்கிறது. ஆனால் நீங்களே பேசிவிடுங்கள், மேடம். டீச்சர்தான் வைத்தாள் என்று தாராளமாகச் சொல்லுங்கள். பைத்தியம் பிடித்து வைத்தாள், அருணாசலத்தின் மேல் உள்ள பகையில் வைத்தாள், நிஜமாகவே செய்வினைதான் செய்தாள் என்று எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்குச் சுரைக்காய் பிடிக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், பிள்ளை மனசு தாங்காது.