பரவாயில்லை

காலையில் வெந்நீரில் உடம்பைத் துடைத்துவிட்டால் அன்றைக்குப் பசி நன்றாக எடுக்கும். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. லீனா முதுகிலிருந்து தொடங்குவாள். துணியைப் பிழிந்து, தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகே என்மேல் வைப்பாள். அவளுக்கு முன் வந்த மூன்று பேரும் மேசையைத் துடைப்பதுபோலத் துடைத்தார்கள்.

அவள் கோலார் தங்கவயல் பெண். தினமும் ரயிலில் வந்து சிட்டி ஸ்டேஷனில் இறங்கி, ஒக்கலிபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்தே வருவாள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வந்த வேலை. மாதம் ஒருமுறை ஏஜென்சிக்காரர் ஃபோன் செய்து, பெண் எப்படி என்று கன்னடத்தில் கேட்பார். "பரவாகில்லா" என்பேன். இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே வார்த்தைதான்.

நான் முப்பத்தொரு வருடம் மாநில அரசுப் பணியில் இருந்தவன். கீழே வேலை செய்பவர்களைப் பற்றி வருடாவருடம் ரகசிய அறிக்கை எழுதியிருக்கிறேன். மிக நன்று என்று எழுதினால் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போய்விடுவான். மோசம் என்று எழுதினால் மாற்றிவிடுவார்கள். பரவாயில்லை என்று எழுதினால் நம்மிடமே இருப்பான். உத்தமன் என்ற குமாஸ்தா பதினோரு வருடம் என் பிரிவிலேயே இருந்தான். நான் ஓய்வுபெற்ற நாளில் அவன்தான் எனக்கு மாலை போட்டான்.

லீனாவுக்கு ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. இரண்டு வருடமாக ரயிலில் உட்கார்ந்து அந்த மொழியைப் படித்தாளாம். என் முதுகைத் துடைத்துக்கொண்டே சில வார்த்தைகள் சொல்லிக் காட்டினாள். ஏஜென்சி நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்ததும் கிளம்ப வேண்டியதுதான் என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது. மறுபடி யாரோ ஒருத்தி வருவாள், ஃபோனில் பேசிக்கொண்டே என் வேட்டியை அவிழ்ப்பாள்.

விசாரணை நிலுவையில் இருக்கும் ஒருவரைப் பணியிலிருந்து விடுவிக்கக் கூடாது. இது எங்கள் அலுவலக விதி. ஆறு மாதம், எட்டு மாதம் இழுக்கும். அதுவரை அதே நாற்காலியில் இருந்தாக வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க நான் மாத்திரை சாப்பிடுகிறேன். லேசாக அழுத்தினாலே தோல் கறுத்துவிடும். லீனா சமையலறையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது, இடது கையால் என் வலது புஜத்தைப் பிடித்து அழுத்தினேன். அந்தக் கையில் உணர்வு கிடையாது. நூறு வரை எண்ணினேன்.

மறுநாள் துடைக்கும்போது அவள்தான் பார்த்தாள். "அய்யோ, இன்னா சார் இது? எங்கனா இடிச்சிக்கினீங்களா?" என்று பதறினாள். களிம்பு தடவினாள். தன் குறிப்பேட்டில் எழுதினாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் என் மகள் ஸ்ரீவித்யாவுக்கு ஃபோன் செய்ததும் அவளேதான். வித்யா வந்து விரல் தடங்களைப் பார்த்தாள்.

"அவளாப்பா? பயப்படாம சொல்லுங்கோ."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நானா சார்? நான் அடிச்சேனா? நீங்களே சொல்லுங்க சார்."

எனக்குப் பேச்சு கொஞ்சம் குளறும். அன்று இன்னும் கொஞ்சம் குளறவிட்டேன்.

விசாரணையே நடக்கவில்லை. அதுதான் எனக்கு வருத்தம். ஏஜென்சிக்காரர்கள் மதியத்துக்குள் அவளை நீக்கிவிட்டார்கள். சான்றிதழ் கிடையாது என்றார்கள், ஜெர்மனியும் போயிற்று. இப்போது பீன்யாவில் ஏதோ கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாளாம். அரசாங்கத்தில் இப்படி நடந்திருக்காது. அன்று இங்கிருந்து கிளம்பும்போது வித்யாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்: "சார் மேல கோவம் இல்ல மேடம். உடம்பு முடியாதவரு, கொழம்பிட்டாரு. வர்றவங்கள துணிய சூடு பாத்துட்டு வைக்கச் சொல்லுங்க."

நான் குழம்பவில்லை. யோசித்துத்தான் செய்தேன். அவளை என்னோடு வைத்துக்கொள்ளத்தான் செய்தேன். அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை என்பதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

இப்போது ஸ்னேஹா என்ற பெண் வருகிறாள். சூடு பார்த்துத்தான் வைக்கிறாள். அவளும் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறாளாம். நேற்று ஏஜென்சியிலிருந்து ஃபோன் வந்தது. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மறுபடி மண்ணைப் போட நான் தயாராக இல்லை. அவளைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பரவாயில்லை என்றேன்.