என்னைத்தான் கேட்பாள்

இப்போதெல்லாம் யாருக்கும் வாயை அடக்கத் தெரியவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இருப்பவன் தன் சர்க்கரை அளவையும் பெண்டாட்டி சண்டையையும் போனில் கத்திக்கொண்டு வருகிறான். பூந்தமல்லியில் ஏறிக் காட்டுப்பாக்கத்தில் இறங்குவதற்குள் அவன் குடும்பக் கதை முழுக்க நமக்குத் தெரிந்துவிடுகிறது. வெட்கம் என்பதே கிடையாது.

என் மகள் ஜீவாவும் அப்படித்தான் ஆனாள். அவளுக்கு மூளையில் கோளாறு. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும். யாரோ திட்டுகிறார்கள் என்று ரோட்டில் ஓடுவாள். டாக்டர் ஸ்வாதி என்கிற அம்மா மாத்திரை கொடுத்துச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னார். நான் நம்பவில்லை. எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. பாடி கம்பெனி ஒன்றில் தகடு அடிக்கும் பிரஸ் மிஷின் ஓட்டியவன். ஒட்டுப்போட்ட மிஷினைப் புதுசு என்று சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

டாக்டரம்மா அவளுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். ஏதாவது சத்தம் கேட்டு, அது நிஜமா நோயா என்று சந்தேகம் வந்தால், பக்கத்தில் இருக்கும் நம்பிக்கையான ஆளைக் கேட்க வேண்டும். அவருக்கும் கேட்டால் நிஜம். கேட்கவில்லை என்றால் நோய், விட்டுவிட வேண்டும். அவள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் அந்த ஆள் நான்.

"அவங்க உங்களத்தான் கேப்பாங்க ஐயா. உள்ளத உள்ளபடி சொன்னா போதும்" என்றார் டாக்டரம்மா.

சொன்னேன். "நைனா, யாரோ சிரிக்கிறாங்களா?" என்பாள். "இல்ல, போ" என்பேன். போய்விடுவாள். பாரிவாக்கம் வீட்டில் வெகுநாள் இப்படியே ஓடியது. ஜெராக்ஸ் கடையில் வேலைக்குக்கூடப் போனாள்.

அப்புறம் பல்கலைக்கழகத்தில் மூளை, மனநோய் பற்றி ஆராய்ச்சிக் கருத்தரங்கு என்றார்கள். குணமானவள் என்று ஜீவா மேடையேறிப் பேச வேண்டுமாம். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினாள். என் காதில் விழுந்தது. நோய் முற்றியிருந்தபோது அவளைப் பின்பக்க ஷெட்டில் சங்கிலி போட்டு வைத்திருந்தேன். அதையும் சேர்த்திருந்தாள்.

"அத மட்டும் எடுத்துடு" என்றேன்.

"அத எடுத்துட்டா இன்னாத்த பேசறது நைனா? உன்ன ஒண்ணும் திட்டல. தெரியாம செஞ்சிட்டாருன்னுதான் சொல்லப் போறேன். நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்."

தெரியாமல் செய்தேனாம். எவ்வளவு இறுக்கினால் தோல் உரியும் என்று தெரிந்துதான் போட்டேன். அழுதால் தெருவுக்குக் கேட்காது என்று பார்த்துத்தான் ஷெட்டில் போட்டேன். என்னை மன்னிக்க இவள் யார்?

அதற்கப்புறம் என் பதிலை மாற்றிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அஷ்ரஃபுன்னிசா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து "ஏ ஜீவா, ஜீவா" என்று கூப்பிட்டாள். ஜீவா என்னைப் பார்த்தாள். "யாரும் கூப்பிடல" என்றேன். குக்கர் விசில் அடித்தது. அடிக்கவில்லை என்றேன். சோறு தீய்ந்தது.

"மிஷின் சத்தத்துல உன் காது அவிஞ்சி பூட்ச்சா நைனா?" என்று சிரித்தாள். எனக்குப் பின்னால் போய் ஒரு ஸ்பூனைக் கீழே போட்டாள். "ஸ்பூன்" என்றேன். அதற்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். என் காதில் பழுதில்லை என்று தெரிந்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

தூக்கம் போனது. கதவைத் தட்டினால் திறப்பதில்லை. கடைக்குப் போவதையும் விட்டாள்.

"டாக்டர் கைல சொல்லட்டா நைனா?"

"சொன்னா திரும்ப வார்டுல போட்டுடுவாங்க."

அவள் சொல்லவில்லை. டாக்டரம்மா போன் செய்தபோது, "நல்லாகீறா, நல்லா சாப்புடறா" என்றேன். அப்போதே மேடைப் பேச்சை நிறுத்தியிருந்தால் வேறொரு நாள் பேசியிருப்பாள். அத்தனை பேர் முன்னாலும் விழுந்தால்தான், அப்புறம் அவள் என்ன சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அன்றைக்கு என்னை முன்வரிசையில் உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். ஜீவா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். "எங்கப்பா என்னை" என்று வந்தபோது, நேரம் ஆகிறது என்று மேடையில் இருந்த பெரியவர் மேஜை மணியைத் தட்டினார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

அவள் நிறுத்தினாள். மைக்கிலேயே கேட்டாள்.

"நைனா, மணி அடிச்சாங்களா?"

பின்னால் சில பிள்ளைகள் சிரித்தார்கள். "அடிச்சாங்க ஜீவா, பரவால்ல, நீங்க பேசுங்க" என்றார் டாக்டரம்மா. ஜீவா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அவள் திரும்பி டாக்டரம்மாவைப் பார்த்தாள், ஏமாற்ற வந்த ஆளைப் பார்ப்பதுபோல. பிறகு காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் புகுந்துவிட்டாள். இழுத்து வெளியே எடுப்பதற்குள் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சில நாள் கழித்து, வார்டு வாசலில் டாக்டரம்மா கேட்டார். "எல்லாருக்கும் கேட்ட மணி உங்களுக்கு மட்டும் எப்படி ஐயா கேக்கல?"

"கேட்டுச்சு" என்றேன். உங்களுக்குச் சொன்ன மாதிரியே அவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப அவங்க யாரையுமே எதுவும் கேக்கறதில்ல. தண்ணி குடுத்தா அது தண்ணின்னுகூட நம்ப மாட்டேங்கறாங்க. போலீசு அப்புறம் பாத்துக்கலாம். இப்ப உள்ள போய், நான் பொய் சொன்னேன், உன் காது சரியாத்தான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னாதான் அவங்களுக்கு ஏறும்."

கம்பிக் கதவு வரைக்கும் போனேன். ஜீவா சுவரோரம் குந்தியிருந்தாள். தலையைத் தூக்கி என் வாயையே பார்த்தாள்.

நிஜமாகவே குணமானவள் என்றால், அப்பன் தலையாட்டியதற்கா விழுவாள்? தன் காதை நம்பியிருக்க வேண்டியதுதானே? மருந்து வேலை செய்யவில்லை. நான் ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் சொல்லி வருகிறேன். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படியிறங்கி, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.