பதினாறு இஞ்ச் சக்கரம்

– மெதுவா கதவைச் சாத்து தங்கச்சி! நாப்பது வயசு வண்டி. கதவு கையோட வந்துடப் போகுது.

– வந்தா வரட்டும்ண்ணே. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல இது என் தலைவலி இல்ல. வாங்கறதுக்கு ஆள் வருது.

– மாப்ள இந்த வண்டியை விக்கறானா? ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?

– அவரு எங்க விக்கறாரு, நான்தான் விக்க வைக்கறேன். வீட்டுல ஒண்ணு இந்த வண்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு சொல்லிட்டேன்.

– அதுக்கு அவன் என்ன சொன்னான்?

– சாவியை என் கையில வச்சுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டாரு.

– அடப் பாவமே.

– பாவம் பாத்தா உயிர் மிஞ்சாதுண்ணே. ரெண்டு மாசமா வண்டி இடது பக்கமே இழுக்குது. போன சனிக்கிழமை ஓரமா நின்ன பஸ்ஸுல மோதப் பாத்து மயிரிழையில தப்பிச்சு வந்திருக்காரு. இப்ப உங்க பட்டறைக்கு ஓட்டிட்டு வர்றதுக்குள்ள என் தோள்பட்டையும் கழண்டு போச்சு.

– கேட்டுக்கோ. மூணு வருஷத்துக்கு முன்னாடியே தலையில அடிச்சுக்கிட்டேன். பதிமூணு இஞ்ச் சக்கரத்துக்குப் பொறந்த வண்டிடா, அழகுக்கு ஆசைப்பட்டுப் பதினாறு மாட்டாதடான்னேன். அவன்தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுங்கற ஆளாச்சே. 'இனிமே என் வண்டியில ஒரு நட்டைக்கூட நீ தொடக்கூடாது'ன்னு போனவன்தான். அதோட பேச்சே இல்ல.

– அதான் அவருக்குத் தெரியாம உங்ககிட்ட வந்தேன். வர்றவரு ஓட்டிப் பாக்கறப்ப நேரா போனாப் போதும்.

– கடைசியா சக்கரத்தை நேர் பண்ற அலைன்மென்ட் வேலையை யார் பண்ணினது?

– அவரேதான். ஷெட்டுல, நூல் கட்டி, ஸ்கேல் வச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா தரையில படுத்தே கிடப்பாரு.

– நூல் கட்டியா? வெளங்கிடும். சரி, வண்டியை மேடையில ஏத்தியாச்சு. இந்த ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே இரு, உன் புருஷன் லட்சணம் தெரியும்.

– டிரைவர் சீட்டுல எதுக்குண்ணே மூட்டையைத் தூக்கி வைக்கறீங்க?

– மணல் மூட்டை, எழுபத்தஞ்சு கிலோ. இது மாப்ள எடைன்னு வச்சுக்கோ. ரெண்டே சீட்டு இருக்கற சின்ன வண்டி, ஆள் உட்காந்தா சக்கரத்தோட சாய்வு மாறிடும். அதனால உட்கார்ற ஆளோட எடையை வச்சுத்தான் அளவெடுக்கணும். நானும் அவனும் எப்பவும் அப்படித்தான் பண்ணுவோம்.

– இப்ப என்ன தெரியுது?

– இதோ பாரு, வலது சக்கரம் ஒரு மாதிரி நிக்குது, இடது ஒரு மாதிரி நிக்குது. சண்டை போட்ட மருமகளுங்க மாதிரி ஆளுக்கொரு பக்கம் பாத்தா, வண்டி இழுக்காம என்ன செய்யும்?

– சரி பண்ணிடலாம்ல?

– பண்ணலாம். ஆனா கம்பெனிக்காரன் புத்தகத்துல போட்ட அளவு உதவாது, அது சின்னச் சக்கரத்துக்கு. பெரிய சக்கரம், அகலமான டயருன்னா ரோட்டுல இருக்கற ஒவ்வொரு தடத்தையும் மோப்பம் பிடிச்சுக்கிட்டே போகும். அதுக்குப் புதுசாக் கணக்குப் போடணும். உன் வீட்டுக்காரனுக்கு அது எங்க வரப் போகுது!

– என் போன் அடிக்குது. பை உள்ள, டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல கிடக்கு.

– மேடை உயரம், பாத்து ஏறு.

– அவரேதான். நான் எடுக்க மாட்டேன்பா. எடுத்தா எங்க இருக்கன்னு கேப்பாரு.

– தங்கச்சி, அசையாத!

– ஐயோ, என்ன, பாம்பா?

– இறங்கு.

– சரி, இறங்கிட்டேன்.

– திரும்ப ஏறு.

– என்னண்ணே இது, பஸ்ஸா, ஏறு இறங்குன்னு? இதோ, உட்காந்தாச்சு.

– ஸ்க்ரீனைப் பாரு. நீ உட்காந்தா ரெண்டு பக்கமும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா நிக்குது, ஊசிமுனை வித்தியாசம் இல்ல. நீ இறங்கினா கோணிக்குது.

– மிஷின் கெட்டுப் போச்சா?

– மிஷின் நல்லாத்தான் இருக்கு, என் மூக்குதான் உடைஞ்சுது. இந்தப் பதினாறு இஞ்சுக்கு நானே இப்படி ஒரு அளவு வச்சிருக்க மாட்டேன். கோச்சுக்காம சொல்லு, உன் எடை எவ்வளவு?

– அது எதுக்கு இப்ப?

– சொல்லும்மா.

– அறுபது... சரி, அறுபத்திரண்டு.

– ஏன், சொல்லிட்டு வாயைப் பொத்திக்கற?

– ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஷெட்டுல தராசு மேல ஒரு சாக்கை வச்சு, கரண்டி கரண்டியா மணல் அள்ளிப் போட்டுக்கிட்டிருந்தாருண்ணே. அறுபத்திரண்டு வந்ததும் நிறுத்திட்டாரு. என்ன கணக்குன்னு கேட்டேன், சும்மான்னாரு. அதுக்கு முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியில எனக்கு எடை பாக்கறப்ப பின்னாடி நின்னு எட்டிப் பாத்தாரு. வெக்கமா இல்லையான்னு நர்ஸ் முன்னாடியே திட்டினேன்.

– இந்த வண்டியில அவனோட கடைசியா எப்பப் போன?

– பெரிய சக்கரம் மாட்டின மறுநாள். ரோட்டுல இருந்த ஒவ்வொரு குழியையும் முதுகெலும்பால எண்ணினேன். செத்தாலும் இனிமே ஏற மாட்டேன்னு பாதி வழியில இறங்கி நடந்தே வந்துட்டேன். மூணு வருஷமாச்சு.

– இன்னைக்கு முதுகு வலிச்சுதா?

– இல்ல... வலிக்கலையே!

– எப்படி வலிக்கும்? கீழ குனிஞ்சு பாத்தேன், நாலு ஸ்பிரிங்கையும் மெத்துனு இருக்கறதா மாத்தி வச்சிருக்கான். தெனமும் தனியாத்தானே ஓட்டறான்?

– தனியாத்தான். பக்கத்து சீட்டுல ஒரு துணிப்பையைக்கூட வைக்க மாட்டாரு.

– அதான் இழுக்குது. நீ ஏறவே மாட்டேன்னு சொன்ன வண்டியை, நீ உட்காந்திருக்கறதாவே நினைச்சு அளவு வச்சிருக்கான், பைத்தியக்காரன்.

– ஒரு தடவைகூட வான்னு கூப்பிடலையேண்ணே.

– கூப்பிட்டிருந்தா போயிருப்பியா?

– போயிருக்க மாட்டேன். கண்டபடி பேசியிருப்பேன். அது அவருக்குத் தெரியும்.

– சரி, கண்ணைத் துடைச்சுக்கோ. மணி நாலரை ஆச்சு. வாங்க வர்றவரு தனி ஆளாத்தான் ஓட்டிப் பாப்பாரு. ஒத்தை ஆளுக்கு மாத்திடறேன், பத்து நிமிஷ வேலை.

– நட்டுல கை வைக்காதீங்க.

– அப்ப அந்த மனுஷன்?

– வண்டி விக்கறதா இல்லைன்னு அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க உங்க மாப்ளைக்குப் போன் போடுங்க.

– நானா? மூணு வருஷமா முகம் குடுத்துப் பேசாதவன்கிட்ட என்னன்னு ஆரம்பிக்கறது?

– தோத்துட்டேன்னு ஆரம்பிங்க. அப்புறம், 'உன் பொண்டாட்டி வண்டியை விட்டு இறங்க மாட்டேங்கறா, நீயே வந்து ஓட்டிட்டுப் போ'ன்னு சொல்லுங்க.